ஏணிக் கட்சியார் கட்டிய சாய்வுப் பாதை

சுஹைராவுக்கு வாக்குரிமை இருந்தது. வலது கால்தான் இல்லை. சீனி வருத்தம் அதை முழங்காலோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. இடது காலும், 'நானும் எந்த நேரமும் புறப்படுவேன்' என்று மிரட்டிக்கொண்டிருந்ததால் அதை நம்பி எழுந்து நிற்க ஏலாது. அதற்காக அவள் மூலையில் முடங்கிவிடவில்லை. குறிஞ்சாக்கேணிக்கு அப்பால், கடல்நீர் ஏறி இறங்கும் களப்பின் ஓரத்தில் இருக்கும் கண்டலடிமுனைச் சந்தியில் கடை வைத்திருந்தாள். போட்டோக்கொப்பி அடிப்பாள், போனுக்கு ரீலோட் போடுவாள், ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். கடைக்கு வாசற்படி கிடையாது. சில்லுக் கதிரையைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வருவாள், போவாள், இடையில் சந்தி வரைக்கும் போய் மீன்காரனோடு சண்டை பிடித்துவிட்டும் வருவாள். கண்டலடிமுனையில் அவளால் போக முடியாத இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று தண்ணீர்த் தாங்கியின் உச்சி. அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மற்றது வாக்களிப்பு நிலையம்.

வாக்களிப்பு நிலையம் பாடசாலைக் கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழ்மாடியில் உடைந்த கதிரை மேசைகளை அடுக்கியிருந்தார்கள். கதிரை மேசைகளால் படியேற முடியாது, மனிதரால் முடியும் என்பதால் இந்த ஏற்பாடு.

போன தேர்தலில் அவளைக் கதிரையோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் இருவர் ஏணிச் சின்னக் கட்சி, பின்னால் இருவர் சில்லுச் சின்னக் கட்சி. ஊரில் இந்த இரண்டு கட்சிகளும் எந்தக் காரியத்திலும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு அவளைத் தூக்குவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். படி திரும்பும் இடத்தில் யார் முதலில் திரும்புவது என்று சண்டை வந்தது. கதிரை சரிந்தது, தலையில் போட்டிருந்த முந்தானை விழுந்தது. கீழே நின்ற வேட்பாளர்கள் இருவரும் அதைப் படம் பிடித்தார்கள். மேலே போய்ச் சேர்ந்த அவதியில் போட்ட புள்ளடி எந்தக் கூட்டில் விழுந்ததென்று அவளுக்கே விளங்கவில்லை. இறக்கும்போது இன்னும் மோசம். படியின் நடுவில் நிறுத்தி, "ராத்தா, ஏணிக்குத்தானே?" என்று முன்னால் நின்றவன் கேட்டான். "சில்லுக்குத்தானே?" என்று பின்னால் நின்றவன் கேட்டான். பதில் வரும்வரை இறக்குகிற நோக்கம் இருவருக்கும் இல்லை.

"இறக்குங்க, சொல்றன்" என்றாள். இறக்கியதும் சொன்னது அச்சிலே போடத் தக்கதல்ல.

அன்றிரவு கணவன் றிப்தியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அடுத்த முறை நானா உருட்டிக்கொண்டு போவன். இல்லாட்டிப் போகவே மாட்டன்."

றிப்தி ஓட்டோ ஓட்டுகிறவன். பயணிகள் எங்கே போகச் சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகியவன். "சரி" என்றான்.

பிரதேச சபைத் தவிசாளர் றம்ஸான் தன் பாராட்டு விழா அழைப்பிதழைக் கொப்பி அடிக்க ஒருநாள் கடைக்கு வந்தார். அவர் ஏணிக் கட்சி. வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம், பையில் மூன்று நிறப் பேனைகள். பாராட்டுகிறவரும் பாராட்டப்படுகிறவரும் அவரே என்பதை அழைப்பிதழைப் பார்த்து அறிந்த சுஹைரா, ஆள் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று மேல்மாடிக் கதையைச் சொன்னாள்.

தவிசாளர் உருகிப்போனார். "தங்கச்சி, இதை ஏன் முந்தியே சொல்லல்ல? எங்கட சபை மாற்றுத்திறனாளிகளை எப்பவுமே தூக்கித்தான் வைச்சிருக்கு."

"அதுதான், சேர்மன், பிரச்சினை."

அது அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த கிழமையே 'பொருத்தமானதும் அணுகத்தக்கதுமான வாக்களிப்பு நிலையங்களைச் சிபாரிசு செய்வதற்கான விசேட உபகுழு' உருவாயிற்று. சுஹைராவும் அதில் அங்கத்தவர். முதல் கூட்டத்துக்குப் போனாள். கூட்டம் சபைக் கட்டிடத்தின் மேல்மாடியில். மின்தூக்கி கிடையாது, மின்தூக்கி பற்றி ஆராய ஒரு உபகுழு இருந்தது, அதுவும் மேல்மாடியில்தான் கூடிக்கொண்டிருந்தது.

அவள் முற்றத்தில், குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையை நிறுத்திக்கொண்டாள். சபைச் செயலாளர் யோகலிங்கம் மேலே கைப்பிடிச் சுவரில் வந்து எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர். சுற்றறிக்கை இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்று ஊரில் பெயர்.

"அம்மா, கூட்டத்துக்கு ஆள்தொகை, கோரம் பார்க்கவேணும். நீங்கள் சமூகமளிச்சிருக்கிறீங்களோ?"

"இஞ்ச கீழ இருக்கிறனே ஐயா!"

"கீழ எண்டால் அது சபைக் கூடத்துக்கு வெளிய. ஆனால் உங்கட குரல் உள்ளுக்கு வருது." யோகலிங்கம் அறிக்கைப் புத்தகத்தை விரித்தார். "குரல் சமூகம், ஆள் சமூகமில்லை எண்டு பதியிறன்."

கூட்டம் தொடங்கிற்று. மேலே பேசுவது கீழே அரைகுறையாகத்தான் கேட்டது. 'அணுகத்தக்கது' என்றால் என்ன என்று விவாதம். தவிசாளரின் குரல் மட்டும் வாகனங்களின் இரைச்சலையும் தாண்டி வந்தது.

"என்ட ஜீப் வாசல் வரைக்கும் போகவேணும். நானே அணுக ஏலாத இடத்தை மக்கள் எப்படி அணுகுவாங்க?"

மேசைகளில் தட்டும் சத்தம் கேட்டது. சுஹைரா முற்றத்திலிருந்து, "எனக்குப் படியில்லாம இருந்தாப் போதும்!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து உழவு இயந்திரத்தை ஒருவர் ஸ்டார்ட் செய்தார். அங்கத்தவர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை என்று அறிக்கையில் பதிவாயிற்று.

கூட்டம் முடிந்து முதலில் இறங்கி வந்தவள் லோஜனா. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இளம்பெண்; வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக்காலம்தான் என்பதால் இன்னும் வேலை செய்கிற பழக்கம் விடவில்லை.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கூட்டத்தைக் கீழ வைப்பம் எண்டு சொன்னனான். கீழ வைச்சால் அது கூட்டமில்லையாம், சந்திப்பாம். சந்திப்புக்குத் தேத்தண்ணி குடுக்க ஏலாதாம்."

அதற்குப் பிறகு இடம் பார்க்கப் புறப்பட்டார்கள். சபை ஜீப்பில் தவிசாளரும் செயலாளரும் லோஜனாவும். சில்லுக் கதிரை ஜீப்பில் ஏறாது என்பதால் சுஹைரா பின்னால் றிப்தியின் ஓட்டோவில்.

முதலில் பொது நூலகம். வீதியோடு ஒட்டிய தரை, அகலமான கதவு. சுஹைரா ஓட்டோவிலிருந்து இறங்கி, கதிரையில் ஏறி, ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இது போதும் சேர்மன். இதையே குடுங்க."

தவிசாளர் தலையை ஆட்டினார். "விளங்காமக் கதைக்காதீங்க தங்கச்சி. வாக்குப் போட வாற நாளில முழு ஊரும் நூலகத்துக்குள்ள வரும். வந்தா, இஞ்ச எத்தனை புத்தகம் இருக்கெண்டு பார்த்திருவாங்க."

அடுத்தது பால் சேகரிப்பு நிலையம். அதுவும் படியில்லாதது. யோகலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாடுகள் வந்துபோற வளவு. வாக்காளரை நாங்கள் மாடெண்டு நினைக்கிறம் எண்டு சில்லுக் கட்சிக்காரர் நோட்டீஸ் அடிப்பினம்."

"ஓம் ஓம்" என்றார் தவிசாளர். "நினைக்கிறது வேற, எழுத்தில குடுக்கிறது வேற."

கடைசியில் ஜீப் களப்பின் கரையில் போய் நின்றது. சபை புதிதாகக் கட்டிய பல்தேவை மண்டபம். வெள்ளத்துக்குப் பயந்து ஆளுயர அத்திவாரத்தில் கட்டியிருந்தார்கள். முகப்பில் தவிசாளரின் பெயர் மண்டபத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். வாசலுக்குப் போக உயரமான படிகள். சுஹைரா அண்ணாந்து பார்த்தாள்.

"இதுலயும் படிதானே சேர்மன்?"

"அதுதான் தங்கச்சி விசயம்!" தவிசாளர் உற்சாகமாகிவிட்டார். "படி இருக்கிறதாலதான் சாய்வுப் பாதை கட்டலாம். படியே இல்லாத இடத்தில எதைக் கட்டுற? எதைத் திறந்து வைக்கிற?"

சுஹைரா றிப்தியைப் பார்த்தாள். றிப்தி ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாய்வுப் பாதை கட்டப்பட்டது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று லோஜனா பிடிவாதமாக நின்றாள். அவ்வளவு நீளத்துக்கு வளவில் இடமில்லை. ஆகவே பாதை ஒருமுறை மடிந்து, இன்னொருமுறை மடிந்து, மாட்டை விழுங்கிய மலைப்பாம்பு போல மண்டபத்தின் முன்னால் படுத்துக்கொண்டது. இவ்வளவு நீளமா என்று முதலில் முகம் சுழித்த தவிசாளர், நீளமென்றால் கூடுதல் படம் எடுக்கலாம் என்று லோஜனாவே சொன்னபோது இறங்கிவந்தார். அவளும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கொங்கிறீற் காய்ந்த மறுநாளே ஊர் மாடுகள் அதைக் கண்டுபிடித்தன. களப்போரச் சேற்றில் படுத்து வந்த எருமைகளுக்குக் காய்ந்த, சாய்வான, காற்றோட்டமான படுக்கை ஒன்றை யாரோ கட்டித் தந்திருக்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் பாதை முழுக்க எருமை. சபை அவசரமாகக் கூடி, பாதையின் வாயில் இரும்புக் கேற் போடத் தீர்மானித்தது. ஆள் மட்டும் உடம்பை வளைத்து நெளித்து நுழைகிற மாதிரி ஒடுக்கமான வழி. எருமை நுழையாது. சுஹைரா கதிரையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கதிரையும் நுழையவில்லை.

முற்றத்துக்குப் போய் மேலே பார்த்துக் கத்தினாள். யோகலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எருமையும் போகாது, நானும் போகேலாது. பிறகு ஆருக்கு இந்தப் பாதை?"

"அம்மா, கோபிக்கக்கூடாது. எருமையைத் தடுக்கிறதுக்கு நிதி வந்தது விலங்குக் கட்டுப்பாட்டுத் தலைப்பில. உங்களை உள்ளுக்கு விடுறது சமூகநலத் தலைப்பில. இரண்டு தலைப்பையும் ஒரே கேற்றில கலக்கச் சுற்றறிக்கை இடம் தராது."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"திறப்பு விழாவுக்குக் கழட்டுவம். அதுக்குப் பிறகு உங்கட தலைப்பில நிதி வந்தால் யோசிக்கலாம்."

திறப்பு விழா வந்தது. பந்தல், வாழைக்குலை, ஒலிபெருக்கி, பாண்ட் வாத்தியம். கேற்றைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். சுஹைரா புதுப் புடவை உடுத்து, கதிரையின் சில்லுகளுக்கு எண்ணெய் விட்டு, முன்வரிசைக்குப் போனாள். முதலில் ஏறுவது தான்தான் என்று நினைத்திருந்தாள். அதை நினைத்து நினைத்து அவளுக்கு முதல்நாள் நித்திரையே வரவில்லை.

தவிசாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்கு நான் ஒரு மாற்றுத்திறனாளியின் வேதனையை நேரடியாக அனுபவிக்கப் போறன். ஒரு தலைவன் எண்டவன் மக்களின் இடத்தில இருந்து பார்க்கவேணும். ஆனபடியால் சகோதரி சுஹைராவின் இடத்தில இண்டைக்கு நான் இருக்கப் போறன்."

சுஹைராவின் இடம் என்றால் சுஹைராவின் கதிரை. அவளைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்தார்கள். என்ன நடக்கிறதென்று அவள் வாய் திறக்குமுன் தவிசாளர் அவளுடைய கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கட்சிப் பையன்கள் இருவர் பின்னால் நின்று தள்ளினார்கள். பாண்ட் வாத்தியம் முழங்கிற்று. முதல் மடிப்பைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, உச்சிக்குப் போனதும் தவிசாளர் மக்கள் பக்கம் தலையை மட்டும் திருப்பி இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பலத்த கரகோசம்!" என்று ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். தள்ளிக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள்.

கதிரை பின்னோக்கிப் புறப்பட்டது. தவிசாளர் கொஞ்சத் தூரம் வரைக்கும் இரண்டு கைகளையும் தூக்கியபடியே வந்தார். அது விழாவின் ஒரு பகுதி என்று அவரும் நினைத்திருக்கலாம். மடிப்புக்கு வந்தபோது பாதை மடிந்தது, கதிரை மடியவில்லை. கைப்பிடிக் கம்பியில் மோதி, அதைத் தாண்டி, களப்போரச் சேற்றில் தவிசாளர் மல்லாந்து விழுந்தார். அவர் நெஞ்சின் மேல் கதிரை. கதிரையின் ஒரு சில்லு மட்டும் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ட கதிரைக்கு ஒண்டுமில்லையே?" என்று சுஹைரா அலறினாள். தவிசாளருக்காக அனுதாபம் தெரிவிக்கவில்லை என்று இதற்காகவே பின்னர் சபையில் அவள்மீது ஒரு வருத்தத் தீர்மானம் வந்தது.

தவிசாளருக்குக் காயம் எதுவும் இல்லை. சேறு நல்ல ஆழம். காயப்பட்டது அவருடைய கட்சி. பின்னேரமே இரண்டு படங்கள் ஊரெல்லாம் போனில் பறந்தன. ஒன்றில் தவிசாளர் சில்லுக் கதிரையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். 'தவிசாளர் சில்லில் ஏறினார்' என்று எழுதியிருந்தது. மற்றதில் அவருடைய நெஞ்சில் சில்லு ஏறியிருந்தது. அதற்கு ஒன்றும் எழுதத் தேவைப்படவில்லை. ஏணிக் கட்சியின் தலைமையகம் விளக்கம் கேட்டது. சில்லுக் கட்சி அவரை மாலை போட்டு வரவேற்கத் தயார் என்றது. தவிசாளர் சந்தியில் நின்று, "அது சில்லில்லை, கதிரை! நான் ஏறினது கதிரையில!" என்று தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தார். கதிரை ஆசை பிடித்தவர் என்று இன்னொரு படம் வந்தது.

சுஹைராவின் ஒரு சில்லு கோணிப்போயிற்று. கண்டலடிமுனையில் அதைச் சரிப்படுத்த ஆளில்லை. றிப்தி கிண்ணியாவில் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய், கம்பிகளைப் புதிதாகப் போட்டு எடுத்துவரும் வரைக்கும் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. மீன்காரனே வந்து என்ன ராத்தா, சண்டைக்கு ஆளைக் காணல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனான்.

கதிரை திரும்பி வருவதற்குள் சபை இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. சாய்வுப் பாதை என்று எதையும் இந்தச் சபை கட்டவில்லை. ஆனால் இடிக்க முடியாது; இடித்தால் எதை இடித்தீர்கள் என்று கணக்காய்வில் கேட்பார்கள். ஆகவே கட்டப்பட்டது 'சாய்ந்த கலாசார மேடை' என்று பெயர்மாற்றம் செய்யப்பட்டது. கேற் மறுபடியும் பூட்டப்பட்டது. இந்தமுறை பற்றவைத்தே பூட்டினார்கள்.

சுஹைரா திருத்திய கதிரையில் மீண்டும் முற்றத்துக்குப் போனாள். "ஐயா! மேடையெண்டா ஏறலாம்தானே?"

யோகலிங்கத்தின் தலை தெரிந்தது. "நிகழ்ச்சி இருந்தால் ஏறலாம்."

"வாக்குப் போடுறது நிகழ்ச்சி இல்லையா?"

தலை மறைந்தது. பிறகு தலை வந்தது. "கலாசார நிகழ்ச்சியோ எண்டு அமைச்சுக்கு எழுதிக் கேக்கிறம்."

அவள் அதற்குமேல் கத்தவில்லை. கதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து றிப்தி தானாகவே பேச்சை எடுத்தான்.

"நான் தூக்கிக்கொண்டு போறன் சுஹைரா. ஊராக்கள் இல்ல, நான். புருசன்தானே."

"நீங்க தூக்கினாலும் தூக்குறதுதான்." அவள் சொன்னது மெதுவாகத்தான். "எனக்கு ஒருக்காவாவது ஆரும் என்னப் பார்க்காம உள்ளுக்குப் போய் வரணும். மத்தப் பொம்புளையள் போற மாதிரி. இந்த முறை நான் போகல்ல. விடுங்க."

றிப்திக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

தேர்தல் மாரி மழைக்காலத்தில் வந்தது. திருகோணமலையிலிருந்து தேர்தல் அதிகாரி ஒருவர் வந்து மண்டபத்தைப் பார்த்தார். நிலையத்தைத் தீர்மானிப்பது தேர்தல் அலுவலகம்தான். சபையின் அதிகாரம் சிபாரிசோடு சரி. உபகுழுவின் தடித்த அறிக்கையை யோகலிங்கம் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். மண்டபத்தில் மின்சாரம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, மலசலகூடம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். மூன்றுக்கும் ஓம். சாய்ந்த கலாசார மேடையைப் பார்த்து, "ஆ, சாய்வுப் பாதையும் இருக்கு, நல்லது. கேற்றை அண்டைக்குத் திறந்து விடுங்கோ" என்றார். திறக்கிறோம் என்று யோகலிங்கம் தலையாட்டினார். எந்தத் தலைப்பில் திறப்பது என்ற கேள்வி அதன்பிறகுதான் எழுந்தது. வாக்களிப்புக்கு முதல்நாள் வரைக்கும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

அந்த முதல்நாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. களப்பு பெருகி வளவுக்குள் வந்தது. வாக்களிப்பு நாள் காலை விடிந்து கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து சுஹைராவுக்குப் போன் வந்தது. லோஜனா.

"அக்கா! வெளிக்கிடுங்கோ! கேற் விழுந்திட்டுது!"

"ஆரு புள்ள கழட்டின?"

"எருமையள் அக்கா! வெள்ளத்துக்கு ஏறிப் படுக்க வந்து, முழுப் பட்டியும் சேர்ந்து தள்ளியிருக்குதுகள். பற்றவைச்ச இடம் நல்லாத்தான் இருக்கு, கேற் நட்ட கொங்கிறீற்தான் கிளம்பி வந்திட்டுது. மணலைக் கூட்டிப் போட்டிருக்கிறாங்கள். படியில தண்ணி நிக்குது, ஒருத்தரும் ஏறேலாது. பாதை றோட்டு மேட்டில தொடங்கிறதால முழுச் சனமும் அதாலதான் ஏறுது. முன்னுக்குச் சாணம் கிடக்கு, பாத்து வாங்கோ."

றிப்தி ஓட்டோவை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டான்.

மண்டபத்துக்கு முன்னால் ஊரே நின்றது. சாய்வுப் பாதையின் மடிப்புகள் நெடுகக் குடைகள், தொப்பிகள், முக்காடுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்ட கர்ப்பிணிகள், ஊன்றுகோல்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரு குறையும் இல்லாத தடியன்கள், எல்லாரும் அதன் வழியாகவே ஏறிக்கொண்டிருந்தார்கள். விரட்டப்பட்ட எருமைகள் ஓரமாக நின்று, தங்கள் படுக்கையில் இத்தனை பேர் நிற்பதை அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தன.

சுஹைரா ஓட்டோவிலிருந்து கதிரைக்கு மாறினாள். றிப்தியைத் தள்ள விடவில்லை. விழுந்து கிடந்த கேற்றைச் சுற்றி, சாணத்தை விலத்தி, பாதையில் சில்லை ஏற்றினாள். அது ஏறிற்று. லோஜனா அடம்பிடித்த நீளம் கைக்கு இதமாக இருந்தது. பாதையின் ஒரு ஓரம் காலியாக இருந்தது. வழக்கம்போலத் தனக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்து அவள் உருட்டிக்கொண்டே போனாள்.

"ராத்தோ! எங்க போறீங்க? வரிசை இஞ்ச கிடக்கிறது கண்ணுக்குத் தெரியல்லையா?"

திரும்பிப் பார்த்தாள். அசனா. கருவாடு விற்பவள். வாய்க்குப் பயந்து அவளோடு விலை பேச ஊரில் ஆளில்லை.

"பாவம் அசனா, கால் இல்லாதவ, விடு" என்றது ஒரு குரல்.

"கால் இல்லாட்டி என்ன, சில்லு இருக்கே! எனக்கு முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, நானும்தான் விடியக் காலம இருந்து நிக்கிறன். அவவாவது கதிரையோட வந்திருக்கிறா, நான் கால்கடுக்க நிக்கிறன்!"

யாரோ சிரித்தார்கள். சுஹைராவின் காது சூடாயிற்று. பதிலுக்கு ஏதோ சொல்ல வாய் திறந்தவள், என்ன நடந்ததென்று அப்போதுதான் உணர்ந்தவள் போல மூடிக்கொண்டாள். இவ்வளவு காலத்தில் வரிசையில் வரவில்லை என்று அவளை ஏசியவர் எவருமில்லை. கதிரையைத் திருப்பி, இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உத்தியோகத்தர் ஒருவர் வந்து, "அம்மா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ, உங்களுக்குச் சலுகை இருக்கு" என்றபோது, "வேணாம் தம்பி. அசனா ஏசுவா" என்றாள்.

வரிசை நகர்ந்து அவள் முதல் மடிப்புக்கு வந்தபோது, ஏணிக் கட்சியின் முகவர் உள்ளிருந்து ஓடிவந்தார். நிலைய வளவுக்குள் சில்லுச் சின்னத்தைக் காட்சிப்படுத்துகிறார்கள் என்று அவருடைய ஆட்சேபம். அதுவும் இரண்டு பெரிது, இரண்டு சிறிது. தலைமை அலுவலர் வாசலுக்கு வந்தார். பட்டணத்திலிருந்து வந்த அம்மா. இராத்திரி முழுக்க எருமைச் சத்தத்தில் தூங்காத முகம்.

"சரி, கழட்டுவம்" என்றார். "முதல்ல நீர் வந்த மோட்டார் சைக்கிளின்ர சில்லைக் கழட்டிக்கொண்டு வாரும்."

முகவர் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தவிசாளரின் ஜீப் வந்து படிப் பக்கத்துத் தண்ணீரில் நின்றது. சாய்வுப் பாதையையும் அதன் ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற சில்லுக் கட்சிக்காரர்களையும் மாறிமாறிப் பார்த்தார். இன்னொரு படம் அவருக்கு வேண்டாம். படியிலே தண்ணீர். கடைசியில் சபையின் விளக்குப் போடும் ஏணியை வருவித்து மண்டபத்தின் பக்கச் சுவரில் சாத்தச் சொன்னார். இரண்டு படி ஏறியதும் பொலிஸ்காரர் சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், வளவுக்குள்ள கட்சிச் சின்னம் கொண்டுவர ஏலாது."

"இது சின்னமில்ல, ஏணி!"

"ஏணிதானே சேர் சின்னம்."

ஏணி போயிற்று. தவிசாளர் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் நடந்து, வேறு வழியில்லாமல் பாதைப் பக்கமே வந்தார். ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு, காலியாகக் கிடந்த ஓரத்தால் விறுவிறு என்று மேலே ஏறினார். "விடுங்க, விடுங்க, அவசரக் கூட்டம் ஒண்டு இருக்கு" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வரிசை பேசாமல் நின்றது. அசனாகூடப் பேசவில்லை, அவள் அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

சுஹைரா ஒரு சில்லைப் பிடித்து மற்றதைத் தள்ளினாள். கதிரை பாதைக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. லோஜனா அளந்து கட்டிய அகலம் அதற்கு மட்டுமட்டாகப் போதும்.

"சேர்மன், வரிசை பின்னுக்கு."

"தங்கச்சி, இந்தப் பாதையே நான் கட்டின பாதை!"

"ஓம். நல்ல பாதை. வரிசை பின்னுக்கு."

தவிசாளர் சுற்றிப் பார்த்தார். போன்கள் உயர்ந்தன. ஈரச் சாரத்தோடு மெல்லத் திரும்பி நடந்து, கீழே கடைசியாகப் போய் நின்றார். ஓரத்தில் நின்ற எருமைகளில் ஒன்று, வரிசை நகரத் தொடங்கிவிட்டது என்று எண்ணியதோ என்னவோ, சேற்றிலிருந்து ஏறி வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டது.